ஒரே கோலால் அளந்த கூடம்

இசையிலிருந்து பிறக்கும் நிறுவல்கலை என்பது ஒரு பாட்டையோ பண்ணையோ தாளத்தையோ எடுத்துக்கொண்டு, ஆள் உள்ளே நடந்து போகும்படியான இடமாக அதை மாற்றுவது. வருகிறவர் அங்கே காதால் கேட்பதோடு நிற்பதில்லை. கல்லைத் தட்டுகிறார், பலகையில் கால் வைத்து அதிர்வை உணர்கிறார், புகையையும் பூவையும் முகர்கிறார், வெளிச்சம் மாறுவதைப் பார்க்கிறார். ஓவியர்கள் வாயில் ‘இன்ஸ்டலேஷன்’ என்று வழங்கும் இந்தக் கலை, தனிப் பெயரோடு மேற்கில் நிலைபெற்று அறுபது எழுபது ஆண்டுகள்தான் ஆகின்றன. கோயில் மண்டபமும் கூத்துக் களமும் கண்டவர்களுக்கு இதில் புதிதாக இருப்பது பெயரும் மின்சாரமும்தான்.

இப்படியொரு கூடத்துக்கான சரக்கு முழுவதும் ஓரிடத்தில் கிடைக்கிறது என்றால் அது சேந்தமங்கலம். நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி போனால் சமவெளி முடிந்து கொல்லிமலைச் சாலை தொடங்கும். அதில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அந்த மலையின் பெயரில் ஒரு பண் இருக்கிறது. அப்பர் தேவாரத்தின் முதல் பதிகம் அமைந்தது அந்தக் கொல்லிப் பண்ணில்தான். ஓதுவார்கள் இன்று அதை நவரோசு ராகத்தில் பாடுகிறார்கள். அதே மலையில் ஒரு பாவையும் இருந்ததாகச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. காற்றும் மழையும் இடியும் நிலநடுக்கமும் வந்தாலும் உருக் குலையாத கொல்லிப்பாவையை நற்றிணையிலும் குறுந்தொகையிலும் காணலாம். பிற்கால மரபு இன்னும் ஒரு படி மேலே போகிறது. அரக்கர் வரும் ஓசை கேட்டாலும் அவர்கள் வாடை பட்டாலும் அந்தப் பாவை தானாகச் சிரிக்குமாம். சிரிப்பில் மயங்கியவர் உயிர் போகுமாம். ஒலிக்கும் வாசனைக்கும் மறுமொழி தரும் சிற்பம் என்ற கற்பனை, உணரிகளும் கணினியும் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த மலைக்கு உரியதாகிவிட்டது.

கூடம் கட்டுகிறவர் முன் முதலில் நிற்கும் கேள்வி, இசையிலிருந்து எதை எடுப்பது என்பது. எளிதாகத் தோன்றும் விடை நிறம். 1704இல் வெளிவந்த ‘ஆப்டிக்ஸ்’ நூலில் நியூட்டன் ஏழு நிறங்களை இசையின் ஏழு இடைவெளிகளோடு பொருத்திக் காட்டினார். அதற்குச் சில நூறாண்டுகள் முன்பே, 13ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் ‘சங்கீத ரத்னாகரம்’ நூலில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் நிறமும் தெய்வமும் சொல்லிவிட்டார். ருஷ்ய இசையமைப்பாளர் ஸ்கிரியாபின் 1910இல் எழுதிய ‘புரொமித்தியஸ்’ படைப்பில் வண்ண ஒளியை எழுப்பும் விசைப்பலகைக்கென்று தனி வரியே ஒதுக்கினார். 1915இல் நியூயார்க்கில் அது வண்ண விளக்குகளோடு அரங்கேறியது. இவர்களின் பட்டியல்களை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். ஒருவர் சிவப்பு என்ற ஸ்வரத்தை இன்னொருவர் வேறு நிறம் என்பார். ஸ்கிரியாபினும் அவர் காலத்தவரான ரிம்ஸ்கி கோர்சகோவும் நேருக்கு நேர் பேசிக்கூடப் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. ஸ்வரத்துக்கு ஒரு பல்பு என்று வரிசையாக எரியவிடும் கூடங்கள் திருவிழாச் சீரியல் விளக்கைத் தாண்டாமல் போவதற்கு இதுவே காரணம். பொருத்தம் செய்தவருக்கு மட்டும் தெரியும். பார்க்கிறவருக்கு வெறும் மினுக்கல்.

நிறத்தில் இல்லாத ஒப்புமை வடிவத்தில் இருக்கிறது. வளைந்த உருவத்துக்கும் கூரிய உருவத்துக்கும் பெயர் சூட்டச் சொல்லும் சோதனையை ஜெர்மன் உளவியலாளர் கோலர் 1929இல் எழுதினார். தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரனும் ஹப்பர்டும் அதை அமெரிக்க மாணவர்களிடமும் இந்தியாவில் தமிழ் பேசுகிறவர்களிடமும் நடத்தி 2001இல் வெளியிட்டார்கள். ‘பூபா’ வளைந்தது, ‘கிக்கி’ கூரியது என்று சுமார் 95 சதவீதத்தினர் ஒரே விடை சொன்னார்கள். உச்ச ஸ்தாயி ஒலியைச் சிறியதாகவும் வெளிச்சமானதாகவும் மேலே இருப்பதாகவும், மந்திர ஸ்தாயியைப் பெரியதாகவும் இருண்டதாகவும் கீழே இருப்பதாகவும் பெரும்பாலோர் உணர்கிறார்கள் என்பதும் சோதனைகளில் தொடர்ந்து தெரிய வருகிறது. ஆகவே பெரியது சிறியது, நெட்டை குட்டை, அடர்த்தி இடைவெளி ஆகியவற்றை நம்பிக் கட்டலாம். இவை எல்லாமே அளவுகள். இசையிலிருந்து கட்டடத்துக்குச் சிந்தாமல் எடுத்துப் போகக்கூடியது அளவு ஒன்றுதான்.

கொங்கு நாட்டிலேயே இதற்குக் கல்லில் வெட்டிய சான்று இருக்கிறது. ஈரோட்டுக்கு அருகே அரச்சலூர் மலைக்குகையில், தாளச் சொற்கட்டின் அசைகள் ஐந்துக்கு ஐந்து கட்டமாகத் தமிழி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. இடமிருந்து வலமாகப் படித்தாலும் மேலிருந்து கீழாகப் படித்தாலும் ஒரே வரிசை வரும். காலம் கி.பி. 2 முதல் 4ஆம் நூற்றாண்டுக்குள் என்று கணிக்கிறார்கள். எழுத்துகளைச் சேர்த்தமைத்தவன் தேவன் சாத்தன் என்ற மணிவண்ணக்கன். அதாவது மணிக்கற்களைச் சோதித்துத் தரம் சொல்கிறவன். அன்றாடம் கல்லைத் திருப்பித் திருப்பி எல்லாப் பக்கமும் பார்க்கிற தொழில். அவன் கையில் ஆட்டக்காரரின் சொற்கட்டு எந்தப் பக்கம் திருப்பினாலும் மாறாத ஒரு சதுரமாயிற்று. காதுக்கு உரியதைக் கண்ணுக்கு மாற்றும்போது என்ன செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பாடம் கிடைப்பது அரிது: ஒலியைப் படமாக வரையாமல், ஒலியின் ஒழுங்கை மட்டும் எடுத்து வைத்திருக்கிறான்.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை இதையே கட்டட அளவில் சொல்கிறது. பொதிய மலை போன்ற உயர்ந்த மலைச் சாரலில் கணுவுக்குக் கணு ஒரு சாண் இடைவெளி விட்டு வளர்ந்த மூங்கிலைக் கொண்டுவந்து, அதிலிருந்து ஒரு கோல் செய்ய வேண்டும். அந்தக் கோலால் அரங்கின் அகலம் 7, நீளம் 8, உயரம் 1. தரைப் பலகைக்கும் மேலே உத்தரப் பலகைக்கும் நடுவே 4. இரண்டு வாயில். மூன்று வகைத் திரை. தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கு. அந்தக் கோல் இன்றைய அளவில் எத்தனை அடி என்பதில் உரைகாரர்களும் ஆய்வாளர்களும் ஒரே கணக்குச் சொல்வதில்லை. வடிவமைப்பவருக்கு அது பெரிய இழப்பும் இல்லை. அகலமும் நீளமும் உயரமும் ஒரே கோலிலிருந்து பிறக்கின்றன என்பதே அவருக்குத் தேவையான செய்தி. விளக்கு நிழல் பற்றிய குறிப்பு இன்றைய ஒளியமைப்பாளர் சங்கடப்படும் அளவுக்கு நுட்பமானது. வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்று எல்லோரும் யோசிப்பார்கள், நிழல் எங்கே விழக் கூடாது என்று யோசிப்பவர் சிலர்.

மேற்கில் இதே வழியில் போன பெரிய முயற்சி, 1958 பிரசல்ஸ் உலகக் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனத்துக்காகக் கட்டப்பட்ட கூடம். அப்போது சண்டிகரைக் கட்டிக்கொண்டிருந்த லெ கார்பூசியேவிடம் அந்தப் பணி வந்தது. அவரிடம் வேலை பார்த்த யானிஸ் செனாக்கிஸ் பொறியாளர், இசையமைப்பாளரும் கூட. தன் ‘மெட்டாஸ்டாசிஸ்’ என்ற வாத்தியக் குழுப் படைப்பில் வயலின்கள் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவதை நேர்கோடுகளாக வரைபடத்தாளில் போட்டிருந்தார். அந்தக் கோடுகள் கூடும் இடத்தில் வளைந்த பரப்பு உருவாவதைக் கண்டு, அதையே கான்கிரீட் சுவராக எழுப்பினார். உள்ளே எட்கார் வரேஸ் இயற்றிய எட்டு நிமிட மின்னணு இசை நூற்றுக்கணக்கான ஒலிபெருக்கிகள் வழியாகச் சுவரெங்கும் ஓடியது. லெ கார்பூசியே தேர்ந்தெடுத்த படங்களும் கூடவே ஓடின. ஆனால் படத்தையும் இசையையும் இருவரும் தனித்தனியே அமைத்தார்கள். இரண்டுக்கும் பொதுவான அளவு கிடையாது. சுவர் இசையிலிருந்து வந்தது, படம் வரவில்லை. இன்று நினைவில் நிற்பது சுவர்தான், அந்தக் கூடம் 1959இலேயே இடிக்கப்பட்டும்கூட.

தமிழ்நாட்டுக் கோயில்களின் இசைத் தூண்கள் இந்தக் கலையின் முதிர்ந்த வடிவம். திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில் மணி மண்டபத்தில் ஒரு பெரிய தூணைச் சுற்றி 48 சிறு தூண்கள் ஒரே கல்லிலிருந்து செதுக்கப்பட்டிருக்கின்றன. மதுரை மீனாட்சியம்மன் கோயில் வடக்குக் கோபுரத்தருகே ஐந்து தூண்கள், ஒவ்வொன்றிலும் 22 மெல்லிய கம்பங்கள். சுசீந்திரத்திலும், திண்டுக்கல் அருகே தாடிக்கொம்பிலும் உண்டு. தாராசுரத்தில் பலிபீடத்தின் படிகளே ஒலிக்கும். ஆழ்வார்திருநகரியிலும் கும்பகோணம் கும்பேசுவரர் கோயிலிலும் ஊதக்கூடிய கல் நாகஸ்வரம் இருக்கிறது. தட்டினால் ஸ்வரம் தருவதைச் சுருதித் தூண், கானத் தூண் என்றும், தாளத்துக்கு உதவுவதை லயத் தூண் என்றும் மரபில் பிரித்துச் சொல்வார்கள். சேலம் பக்கம் இத்தகைய தூண்களுக்குப் பெயர்பெற்ற கோயில் இல்லை. ஆனால் அங்கே தாரமங்கலத்தில் கெட்டி முதலிகள் கட்டிய கைலாசநாதர் கோயிலில் சிங்கத்தின் வாய்க்குள் கல் உருண்டை உருளும். விரலை விட்டு உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது. தொடுவதற்கென்றே செய்த சிற்பம் அது. கல்லைக் கையால் அறியும் தச்சு இந்தச் சமவெளியிலும் இருந்தது என்பதற்கு அது போதும்.

தூண் எப்படிப் பாடுகிறது என்பதை ஹம்பியில் ஆராய்ந்தார்கள். அங்கே விட்டலர் கோயில் மகா மண்டபத்தின் 56 தூண்கள் பேர்பெற்றவை. உள்ளே துளை இருப்பதால்தான் ஒலிக்கின்றன என்று நெடுநாள் பேச்சு. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மைய அறிவியலாளர்கள் கல்லுக்குச் சேதமில்லாத மீயொலிச் சோதனைகள் செய்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். தூண்கள் கெட்டியானவை. தட்டும்போது கம்பம் இரண்டு முனையும் பிடிபட்ட நிலையில் நடுவில் நெளிகிறது. அந்த நெளிவின் வேகமே ஸ்வரம். அதிர்வெண் கம்பத்தின் கனத்துக்கு நேர் விகிதமாக ஏறும். நீளத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாக இறங்கும். நீளத்தைப் பாதியாக்கினால் வீணைத் தந்தியில் ஒரு ஸ்தாயி ஏறும். கல் கம்பத்தில் இரண்டு ஸ்தாயி ஏறிவிடும்.

இதை வைத்துக் கொல்லிப் பண்ணுக்கு ஒரு தூண் தொகுதியைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நவரோசு மந்திர பஞ்சமத்திலிருந்து மத்திய பஞ்சமம் வரை மட்டும் உலவும் ராகம், சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். எனவே எட்டுக் கம்பங்கள் போதும். ஐந்து சென்டிமீட்டர் கனமுள்ள சதுரக் கருங்கல் கம்பத்தை ஒரு மீட்டர் நீளத்துக்கு இரு முனையும் விடாமல் பிடித்தால் ஒலி சுமார் 220 ஹெர்ட்ஸ் வரும். எடை ஏழு கிலோவுக்குள். அதைக் கீழ்ப் பஞ்சமமாக வைத்தால் ஸட்ஜம் 293 ஹெர்ட்ஸ், ஏறத்தாழ நாகஸ்வரக்காரர் சொல்லும் இரண்டு கட்டை. கனத்தை மாற்றாமல் நீளத்தை மட்டும் குறைத்துக்கொண்டே போனால் ப 100 சென்டிமீட்டர், த 94.9, நி 89.4, ஸ 86.6, ரி 81.6, க 77.5, ம 75, மேல் ப 70.7. காந்தாரத்துக்கும் மத்தியமத்துக்கும் இரண்டரை சென்டிமீட்டர்தான் வித்தியாசம். காந்தாரக் கம்பத்தில் உளி ஒரு சென்டிமீட்டர் தவறினால் அதிர்வெண் இரண்டரை சதவீதத்துக்கு மேல் நகரும். அது அரை ஸ்வர இடைவெளியில் பாதிக்குக் கிட்டே. கேட்கிறவர் காதில் குத்தும். இது வெறும் காகிதக் கணக்கு. கல்லின் நெகிழ்வு பாறைக்குப் பாறை மாறும். முனை எவ்வளவு இறுக்கமாகப் பிடிபட்டிருக்கிறது என்பதும் கணக்கைக் கலைக்கும். அதனால் சிற்பி முதலில் கொஞ்சம் நீளமாகவே விட்டு, தட்டிக் கேட்டுக் கேட்டுத் தேய்த்து வருவதே முறை. சேலம், நாமக்கல் சமவெளியின் அடிப்பாறையில் சார்னகைட்டும் நைஸும் நிறைய. மணிகள் நெருங்கிய, விரிசலில்லாத கருங்கல் நீண்டு ஒலிக்கும். கல்சட்டி கடையும் மாக்கல்லைத் தட்டினால் மொத்தென்று அடங்கிவிடும். குவாரியில் வேலை பார்ப்பவர் சுத்தியலால் ஒரு தட்டு தட்டி, ‘மணியாட்டம் பேசுது’ என்றால் அந்தக் கல்லை எடுக்கலாம்.

தந்தியின் மேல்நாதங்கள் அடிநாதத்தின் இரு மடங்கு, மும்மடங்கு என்று ஒழுங்காகப் போகும். முனை பிடிபட்ட கம்பத்தில் அவை 2.76 மடங்கு, 5.4 மடங்கு என்று தாறுமாறாக அமையும். அதனால்தான் கல்லின் குரல் வீணையைவிட வெண்கல மணிக்கு நெருக்கமாக இருக்கிறது. இன்னொரு குறையும் உண்டு. கல் ஸ்வரஸ்தானத்தைச் சொல்லும், கமகம் சொல்லாது. கமகம் இல்லாத பண் எலும்புக்கூடுதான். கல் தூண்களை மட்டும் வைத்து ‘இதுதான் கொல்லிப் பண்’ என்று பலகை மாட்டுவது நேர்மையாகாது. அசைவையும் வழுக்கலையும் வேறு பொருளிடம் கொடுக்க வேண்டும்.

கொங்கு மேளத்தில் அதற்கு ஆள் இருக்கிறது: உருமி. வளைந்த குச்சியைத் தோலில் அழுத்தித் தேய்க்கும்போது எழும் அந்த உறுமல் ஸ்வரத்துக்கு ஸ்வரம் தாவாமல் வழுக்கிக்கொண்டே போகும். கூடவே தப்பட்டையை அடிக்கும் முன் காய்ச்சுகிற காட்சியையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். வைக்கோலையோ காய்ந்த சருகையோ கொளுத்தி, தப்பட்டையை அதன்மேல் சாய்த்துத் திருப்பித் திருப்பிப் பிடிப்பார்கள். நடுநடுவே விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். தொளதொளவென்று இருந்த தோல் விறைத்து, ‘டப்’ என்றது ‘டண்’ என்று ஆகும். புகை மணம், தீயின் சூடு, நிறம் மாறும் தோல், ஏறும் சுருதி — நான்கு புலனும் ஒரே செயலில், யாரும் திட்டமிட்டுப் பொருத்தாமலே பொருந்திவிடுகின்றன. காரணம் ஒன்று, விளைவு நான்கு. பல புலன் கூடம் கட்டுகிறவர்கள் லட்சக்கணக்கில் செலவழித்து உண்டாக்க முயலும் ஒற்றுமை இதுதான். செயற்கைப் புகையும் பதிவு செய்த பறையும் அந்த இடத்தை நிரப்பாது. காய்ச்சுவதற்கென்று திறந்த முற்றம் ஒன்றும், கூலி வாங்கிக்கொண்டு வாசிக்கும் கலைஞர்களும் தேவை.

ஒலியைக் கண்ணால் காட்ட விலை மலிவான வழியும் இருக்கிறது. ஜெர்மானியரான கிளாட்னி 1787இல் உலோகத் தகட்டில் மணலைத் தூவி, விளிம்பில் வில்லை இழுத்து, மணல் கோலங்களாக ஒதுங்குவதைக் காட்டினார். பித்தளைத் தாம்பாளத்தின் அடியில் ஒலிபெருக்கியைப் பொருத்தி மேலே கோலமாவைத் தூவினால் இங்கும் அதேதான் நடக்கும். அதிராத கோடுகளில் மாவு தங்கும். அதிரும் இடங்களிலிருந்து ஓடிவிடும். ஸ்வரம் மாறினால் கோலம் கலைந்து வேறொன்று விழும். விளக்கமே வேண்டாம், பள்ளிப் பிள்ளைகள் அந்தத் தட்டை விட்டு நகர மாட்டார்கள்.

அதிர்வை உடம்புக்குக் கொடுப்பது அடுத்த வேலை. காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். தோல் உணர்வது சுமார் 1,000 ஹெர்ட்ஸுக்குள்தான். 250 ஹெர்ட்ஸ் அருகே அதன் கூர்மை அதிகம். மேலே கணக்கிட்ட கம்பங்கள் 220க்கும் 440க்கும் நடுவே ஒலிப்பதால், தட்டிய கம்பத்தில் உள்ளங்கையை மெல்ல வைத்தால் ஸ்வரம் கையில் ஏறும். அழுத்திப் பிடித்தால் ஒலி செத்துவிடும். தரையைச் சிமெண்டில் போடாமல் அடியில் வெற்றிடம் விட்டுப் பலகை போட்டால், தவிலும் திடுமும் பாதம் வழியே முழங்கால் வரை வரும். காது கேளாதவர்களுக்குச் சலுகையாக ஒரு மூலையில் வைக்கும் ஏற்பாடாக இதைக் கருதக் கூடாது. தாளம் எல்லோருக்கும் காலில்தான் முதலில் படுகிறது.

வாசனையில்தான் பெரும்பாலான கூடங்கள் சறுக்குகின்றன. 1960இல் அமெரிக்காவில் ‘சென்ட் ஆஃப் மிஸ்ட்ரி’ என்ற படத்தை இருக்கைக்கு இருக்கை குழாய் வைத்து வாசனையோடு திரையிட்டார்கள். குழாய் உஸ் என்று சத்தம் போட்டது. சில இருக்கைகளுக்கு வாசனை தாமதமாக வந்தது. காட்சி மாறிய பிறகும் பழைய மணம் போகவில்லை. முயற்சி அதோடு நின்றது. ஏ.ஆர். ரகுமான் இயக்கி 2022இல் கான் விழாவில் காட்டிய ‘லே மஸ்க்’ 36 நிமிட மெய்நிகர்ப் படம். பார்வையாளருக்குத் தனித்தனி அசையும் நாற்காலி, அதிலேயே வாசனை. ஒருவருக்கு ஒரு நாற்காலி என்று சுருக்கியதால் மணத்தைக் கட்டுக்குள் வைக்க முடிந்தது. நூறு பேர் நடமாடும் பொதுக் கூடத்தில் அது முடியாது. மூக்கு சில நிமிடங்களில் பழகிப்போய் மணத்தை மறந்துவிடும். ஆனால் மணம் அறையை விட்டு அவ்வளவு சீக்கிரம் போகாது. ஆகவே வாசனையை ஸ்வரமாகப் பயன்படுத்துவது வீண். அது தம்பூரா. ஒரு பகுதிக்கு ஒரு மணம், தொடக்கம் முதல் இறுதிவரை மெல்லியதாக. அடுத்த பகுதிக்குப் போகும் முன் காற்றாடும் திறந்தவெளி ஒன்று.

எந்தப் பகுதிக்கு எந்த மணம், எந்த வெளிச்சம் என்பதை இட்டுக்கட்ட வேண்டியதில்லை. தொல்காப்பியம் அகத்திணையியலில் கருப்பொருள் என்று தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் ஆகியவற்றைத் திணைக்கு உரியவையாக வகுத்திருக்கிறது; பூவும் அதில் சேரும். பொழுதும் உண்டு: குறிஞ்சிக்கு யாமம், மருதத்துக்கு வைகறையும் விடியலும். கண்ணுக்கு மரம், நாக்குக்கு உணவு, மூக்குக்குப் பூ, காதுக்குப் பறையும் யாழும். ஒரு நிலத்தின் இசையை அதன் சோற்றிலிருந்தும் வெளிச்சத்திலிருந்தும் பிரிக்க முடியாது என்று எடுத்துக்கொண்ட கொள்கை அது. இன்றைய கலைக் கல்லூரிகள் பல புலன் வடிவமைப்பு என்று தனிப் பாடமாக நடத்துவது இதைவிட நெருக்கமான திட்டத்தைத் தருவதில்லை. சேந்தமங்கலம் நெல்லும் கரும்பும் விளையும் மருதத்துக்கும் கொல்லிக் குறிஞ்சிக்கும் எல்லையில் நிற்பதால் இரண்டு பகுதிகளே போதும். முதல் பகுதி விடியல் வெளிச்சம், ஈர வைக்கோல் மணம், நெல் அறுப்போர் பறை. இரண்டாவது யாமத்து இருட்டு, பலாப்பழமும் தேனும் மிளகும் கலந்த மலை மணம், தொண்டகப் பறை, நடுவில் எட்டுக் கல் கம்பங்கள். ஐந்து திணையையும் ஒரே கூரைக்குள் திணிக்கும் ஆசை எளிதில் வரும். கடலே இல்லாத ஊரில் நெய்தலை ஒலிநாடாவில் ஓட்டுவது கண்காட்சிக் கடைக்குத்தான் பொருந்தும்.

கூடத்தின் ஒலித்தன்மையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் எல்லாம் கெடும். 12 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரத்தில் சிமெண்டுப் பூச்சும் கான்கிரீட்டும் மட்டும் உள்ள அறையில் ஒரு தட்டு அடங்க ஆறு வினாடி ஆகும். கல் கம்பத்துக்கு அது சுகம். தப்பட்டைக்கு நரகம், ஒரு அடி மேல் இன்னொரு அடி விழுந்து குழம்பிப்போகும். கூரை முழுவதும் படும் ஒலியில் அறுபது சதவீதத்தை உறிஞ்சும்படி துணியும் நாரும் வேய்ந்தால் அதே அறையில் ஒரு வினாடிக்குள் அடங்கும். எனவே தோல் கருவிக்கு ஒரு கூரை, கல்லுக்கு வேறு கூரை. நடுவே கதவுக்குப் பதில் வளைந்து திரும்பும் நடை வைத்தால் ஒலி ஓரளவு தேயும். சேலம் பக்கத்துச் சித்திரை வெயிலில் நாகஸ்வரத்தின் சுருதி ஏறும், ஐப்பசி மழையில் தப்பட்டை தொய்யும். கல் இரண்டுக்கும் அசையாது. அதனால் கூடத்தின் சுருதியைக் கல்லில்தான் வைக்க வேண்டும். மற்றவை அதனோடு சேர்ந்துகொள்ளட்டும்.

மீதி இருப்பது பராமரிப்பு. தாராசுரத்துப் படிகள் இன்று இரும்புக் கம்பி வேலிக்குள் இருக்கின்றன. ஹம்பித் தூண்களைத் தட்டத் தடை. தட்டத் தட்டக் கல்லின் மேற்பரப்பு தேயும், பொறியும், ஒரு நாள் விரிசல் விடும். பழஞ்சின்னத்தைக் காக்க வேறு வழியும் இல்லை. கேட்பதற்காகச் செய்ததைப் பார்க்க மட்டும் வைத்திருக்கும் நிலை அது. புதிதாகக் கட்டும் கூடத்துக்கு அந்த நிலை வர வேண்டியதில்லை. எட்டுக் கம்பம் எடுத்த அதே பாறையிலிருந்து இன்னொரு எட்டை வெட்டி, தேய்க்காமல் நீளமாகவே கிடங்கில் போட்டு வைத்தால், உடைந்ததை மாற்ற ஒரு சிற்பிக்குச் சில நாள் வேலைதான்.